முதல் மாதத்துப் பாடம்

எனக்கு அட்டவணை போட நன்றாக வரும். கோடு இழுக்க அடிமட்டம்கூட வேண்டாம்.

என் கணவர் நிதிப் பகுப்பாய்வாளர் சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டியதும், படிக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முந்நூறு மணி நேரம், ஆறு மாதம். மகள் எழுந்திருக்கும் முன், காலை ஐந்திலிருந்து ஏழுவரை சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். நான் கேள்வியை வாசிப்பேன், அவர் பதில் சொல்வார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் பேசியது அப்போதுதான்.

தேறினால் வெளியூரில் தலைமை அலுவலகம், மாதம் ஒருமுறை வீடு என்றார்.

"சரி, எந்தப் பாடம் உதைக்குது?" என்று கேட்டேன்.

"நன்னெறிதான். நாலு விடையும் நியாயமாத்தான் தெரியுது."

நன்னெறியை முதல் மாதத்தில் வைத்தேன். கடைசி மாதம் முழுக்க, அவர் தூக்கத்தில்கூடப் போட்டுவிடும் கணக்குகள். தேர்வு நாளுக்குள் முதல் மாதத்துப் பாடம் ஆவியாகிவிடும். நான் எதையும் மறைக்கவில்லை. அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தது.

"நிஜத்துல யோக்கியனா இருக்கறவனுக்குப் பேப்பர்ல ஏன்டி வரமாட்டேங்குது?" என்பார் முடிவு வந்ததும்.

"விடுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று புதுத் தாள் எடுப்பேன்.

ஐந்து முறை. அவரிடம் வேலை பழகியவர் தேறி, அவருக்கே மேலதிகாரி ஆனார். ஒரு காலை, "என் மண்டையில ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். அன்றைய அட்டவணையில் அதற்கு நேரம் இல்லை. அடுத்த கேள்வியை வாசித்தேன்.

ஆறாவது அட்டவணையின் நான்காம் மாதத்தில், பதில் யோசித்துக்கொண்டே மேசையில் தலை சாய்த்தார். தூக்கம் என்று நினைத்து விடையை நானே சொன்னேன்.

"ரொம்ப மனக்கவலையா?" என்று இறப்புச் சான்று எழுதிய மருத்துவர் கேட்டார். படித்துக்கொண்டிருந்தார் என்றேன்.

தேற முடியாதபடி அட்டவணை போட்டது நான்தான். ஆனால் கடைசிவரை ஒருநாள்கூட அவரைத் தனியாக உட்காரவிட்டதில்லை.

மகள் இப்போது அதே தேர்வுக்குப் பதிந்திருக்கிறாள். தேறினால் வெளிநாட்டில் வேலையாம். "அம்மா, அப்பாவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒரு அட்டவணை போட்டுக் குடும்மா" என்றாள். பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எந்தப் பாடம் உதைக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.