பாலிசி தொடங்கிய நேரம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது.

இருபது வருடமாக வண்டி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறேன். பாலிசியை யாரும் படிப்பதில்லை. நான்தான் உட்கார வைத்து, எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று விளக்குவேன். கடைசியில் ஒன்று சொல்வேன்: "ஏதாவது ஆச்சுன்னா பதறாதீங்க. முதல்ல எனக்கு போன் பண்ணுங்க."

என்னிடம் வேனுக்குப் பாலிசி போட்டிருந்த பேக்கரிக்காரர் அதன்படியே முதலில் எனக்குப் போன் பண்ணினார்.

"அண்ணே, சந்துல வேனைப் பின்னால எடுத்தேன். நம்ம இஸ்திரிக்கார அம்மா சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. பேசறாங்கண்ணே. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

அப்போது மதியம் மணி ஒன்று பத்து. அவருடைய பழைய பாலிசி முந்தின நள்ளிரவோடு முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி அவர் கொடுத்த காகிதங்கள் நாலு நாளாக என் பையில் கிடந்தன. மறந்துவிட்டேன். மறதி மனிதனுக்கு உள்ளதுதானே.

"நான் கூப்பிடறேன். வண்டியை நகர்த்தாதீங்க" என்றேன்.

பாலிசியில் தேதி மட்டும் இருக்காது, ஐயா. தொடங்கும் நேரமும் இருக்கும். அதற்கு முன் நடந்த விபத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. உட்கார்ந்து புதுப்பித்தேன். நேரம் ஒன்று இருபத்தெட்டு என்று விழுந்தது. அதன் பிறகுதான் சந்துக்குப் போனேன்.

எதிர்க்கடைத் தையல்காரர் அந்த அம்மாவின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

"வண்டிய முன்னால எடுங்கய்யா. மனுஷங்கதானே நீங்க?"

"எடுத்தா ரத்தம் இன்னும் கொட்டும். ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு" என்றேன். என் கையில் ஃபைல் இருந்தது. அதனால் நம்பினார்.

அந்த அம்மா முனகினார். "பெட்டியில நெருப்பு இருக்கு தம்பி. ஊரான் துணி கருகிடப் போகுது."

"துணி கிடக்குதும்மா. நீ என்னையே பாரு" என்று ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தார் தையல்காரர். படிக்காதவர், ஆனால் நல்ல மனசு. அப்படிப்பட்டவர்களால்தான் உலகம் நிற்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பேக்கரிக்காரரைத் தனியே அழைத்துச் சொன்னேன்: "ரெண்டே காலுக்குத்தான் நடந்துச்சு. யார் கேட்டாலும் அதுதான். இல்லேன்னா கடை, வீடு எல்லாம் போயிடும்."

"அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குதுண்ணே."

"அவங்களுக்காகவும்தான் சொல்றேன்."

பாலிசி போட்ட உடனே விபத்து என்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். முக்கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது என் அனுபவம். ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் போய் நின்றேன்.

"எங்கய்யா அது? ஊர்வலமா வருது?" என்று சந்திலிருந்து தையல்காரர் இரண்டு முறை கத்தினார். இரண்டாவது முறை அவர் குரல் உடைந்திருந்தது.

இரண்டே காலுக்குக் கூப்பிட்டேன். எட்டே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். நல்ல பையன்கள். அந்த அம்மா ஆஸ்பத்திரி வாசல்வரை உயிரோடு இருந்தார். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். தையல்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் செருப்பின் மேல் காறித் துப்பினார். உங்களிடம் வந்து புகார் கொடுத்தவரும் அவர்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை. நான் துடைத்துக்கொண்டேன்.

ஆம், ஐயா. ஆம்புலன்ஸைத் தெரிந்தேதான் தாமதப்படுத்தினேன். ஆனால் பாலிசி இல்லாமல் அந்தக் குடும்பத்துக்கு யார் என்ன கொடுத்திருப்பார்கள்? மூன்றே மாதத்தில் நஷ்டஈட்டுக்கு உத்தரவு வாங்கிக் கொடுத்தேன். ஒரு காகிதத்துக்குக்கூட அவர்களை அலைய விடவில்லை. காசோலை வந்த அன்று அந்த அம்மாவின் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா எங்களுக்கு யாருங்க சார்?"

"மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படிம்மா?" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன்.