வெள்ளிக்கிழமை நண்பகலில் வராத லொறி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மாத்தளையின் தாய்மார்களே, என்னோடு ஓடி ஓடிக் களைத்த இளைய தோழர்களே, யாவருக்கும் என் வணக்கம்!

நம் நிறுவன விழாவில் நன்றியுரை சொல்லும்படி என்னை அழைத்தார்கள். சொல்வேன். சும்மா சொல்லமாட்டேன்!

அலுவிகாரையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில், நாலே நாற்காலிகளோடு தொடங்கியது நமது நிறுவனம். விவசாயியின் மரக்கறிக்குக் கைத்தொலைபேசி வழியாக லொறி பிடித்துக் கொடுக்கும் வேலை. கணவரை இழந்தபின் வீட்டில் முடங்க மறுத்த நான், விவசாயிகளின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பிரிவைப் பொறுப்பேற்றேன். இன்றோ மூன்று மாடி! நேற்றுக் கதவு இருந்த இடத்தில் இன்று சுவர். காலையில் என் மேசை, மாலையில் யார் மேசை? காலைக் கூட்டத்தைக்கூட நின்றபடியே நடத்துகிறோம். உட்கார்ந்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம்! சிரிக்கிறீர்களா? என் முழங்காலைக் கேளுங்கள்!

ஓடுவது பிழையா? இல்லை. யாரை விட்டுவிட்டு ஓடுகிறோம்? அதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி.

போன மாதம் ஒரு புதிய முறை வந்தது. லொறி தயாரானதும் கணினி அழைக்கும். எடுக்காதவரைச் சோம்பேறி என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளும். ஆகா, என்ன வேகம்! நானும் கைதட்டினேன். கலேவெலயில் தக்காளி பயிரிடும் ஸக்கரியா, வெள்ளிக்கிழமை நண்பகலில் போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார். கணினி அழைத்தது. லொறி போகவில்லை. பழுத்த தக்காளி பெட்டியிலேயே அழுகியது.

"ஜும்ஆவுக்குப் போன மனுசன சோம்பேறின்டு சொல்லுதா மேடம் உங்க மெசினு? அப்ப எங்க ஊரே சோம்பேறிதான்!" என்றார்.

என் பிரிவின் அஸ்ரா இதைக் காலைக் கூட்டத்தில் சொன்னாள். "இப்ப ஸ்பீட்தான் முக்கியம், அஸ்ரா. பொறகு பாப்போம்" என்றார் நம் நிர்வாகி டிலக்சன். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். வளர்ச்சிக்குத் தடை என்று நாளையோடு அவளை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். நாளை என்ன கிழமை? வெள்ளிக்கிழமை! அதே முறை நாளை மாகாணம் முழுவதற்கும் போகிறது!

அவளை நிறுத்திவிட்டுப் பிழையை வைத்துக்கொள்வதா? பிழையை நிறுத்திவிட்டு அவளை வைத்துக்கொள்வதா?

தம்பி டிலக்சன், முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள்? என்ன, "பொறகு பேசுவோம் மேடம்" என்கிறீர்களா? ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது; நன்றியும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் இப்போது விடுவதாக இல்லை!

அஸ்ரா, அழாதே மகள். எழுந்து நில். நிற்பதுதான் நமக்குப் பழக்கமாயிற்றே! இதோ, அவள் பிரிவே எழுந்துவிட்டது. அங்கே யார், நம் லொறிச் சாரதி மாடசாமியா? நீங்களுமா? பின்வரிசை முழுவதுமா?

சொல்லுங்கள், தம்பி. "சரிங்க மேடம், அந்த முறைய நாளைக்கி அனுப்பல்ல" என்கிறார். அஸ்ராவின் வேலை? சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்!

"அஸ்ரா இருக்கட்டும்ங்க!"

கேட்டதா? கேட்டது! இனி நன்றி, தம்பிக்கும் தலைவருக்கும், நின்றவர் அனைவருக்கும். என் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, இப்போதாவது எல்லோரும் உட்காருங்கள்!