புங்க மரத்து எடம்

இந்த சங்கரா மீனுக்கு மசாலா தடவி முடிச்சுட்றேன், அப்பறந்தான் எழுந்துக்க முடியும். கையெல்லாம் மொளகாத்தூளு, பாரு. நீ இன்னாத்துக்கு வண்டிய புடிச்சிகினே நிக்கிற ஜாக்குலினக்கா? ஒக்காரேன். மாட்டியா? சரி, நில்லு. ஆனா இது இன்னா நியாயம்னு மட்டும் சொல்லு.

வெள்ளிக்கெழம ஆனா ஒவ்வொரு கடையும் ஒரு எடம் முன்னாடி நவுரணும், மொத கடக்காரி கடைசிக்குப் போவணும். எனக்குந் தெரியும்க்கா! நானும் இந்த மாபலிபொரத்துலதான மீன் வறுக்கிறேன். காருலேர்ந்து எறங்கறவன் எதிர்ல கீற கடையிலதான் துன்றான். கடைசி கடைக்கு யாரு வரா? நாயிதான் வருது. அதான் எல்லாருக்கும் சமமா ஒரு வாரம். இன்னிக்கு உன் மொற, யாரு இல்லன்னா?

ஆனா சமம்னா இன்னா? கைல புள்ள இல்லாத நீயும், கைக்கொழந்தக்காரி நானும் சமமா? இங்க புங்க மரம் கீது, தூளி கட்டிக்கீறேன். புள்ள தூங்குது பாரு... அங்க கடைசில ஒரு செடி கீதா? மீனுக்கு முன்னாடி அவ வெந்துடுவா!

நேத்து நாவலூர் கம்பெனிப் பசங்க மூணு பேரு துன்ன வந்தானுங்க. ‘எல்லாரையும் ஒரே கோட்டுல நிக்க வச்சா போதும், அப்பறம் அவனவன் சாமர்த்தியம்’னு ஒருத்தன். ‘இல்ல, பின்னால கீறவன மொதல்ல தூக்கி விடணும், அதான் சமத்துவம்’னு இன்னொருத்தன். அப்பப்பா, இன்னா சண்ட! வஞ்சரத் தட்டு வந்துச்சு. பேசின ரெண்டு பேரும் நடுத்துண்ட எடுத்துகினானுங்க, பேசாம இருந்தவனுக்கு வாலு. நல்ல படிப்பு!

இன்னா சிரிக்கிற? ...செங்கம்மாளக்காவா? நீ அங்கதான் வந்து நிப்பன்னு தெரியும். அது வேறக்கா. இடுப்பு ஆபரேசன் பண்ணவங்க, மொற முடிஞ்சும் இன்னும் கொஞ்ச நாளு இந்த மொத எடத்துலயே இருக்கட்டும்னு நீங்கல்லாம் கெஞ்சினீங்க. கூட்டத்துல நான் வாயே தொறக்க மாட்டேன், கூச்சம். போன வாரந்தான் தொறந்தேன். ‘இன்னிக்கு இடுப்புன்னு வுட்டா, நாளைக்கு ஒருத்தி பல்லு வலின்னு வருவா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு’ன்னேன். நீயுந்தான தலைய ஆட்டின? அவங்க சட்டிய தூக்கிகினு கடைசிக்குப் போனாங்க. அந்த எடத்துக்கு நான் வந்தேன்னா, அது என் மொறக்கா! நான் இன்னா கேட்டா வாங்கினேன்?

இடுப்பு ரெண்டு மாசத்துல ஆறிடும். புள்ள ஆறுமா? இல்ல... வளர வருசக்கணக்கா ஆவும்ல, அத சொல்றேன். நியாயமா பாத்தா அவங்களவிட எனக்குத்தான் அதிகமா குடுக்கணும்.

அடுப்பா? அத எங்க வூட்டுக்காரரு காலையிலயே கடைசிக்குத் தூக்கினு போயிட்டாரு. அந்தாளுக்கு இன்னா அவசரமோ! அடுப்பு போனா இன்னா, நான் இங்கதான கீறேன்?

அங்க கடைசிக்கு முந்தின கடையிலேர்ந்து யாரு கூப்புட்றது? செங்கம்மாளக்காவா? ...இன்னாக்கா? புள்ளயவா? உங்க கொடைக்குக் கீழயா? தூளி கட்டக் கம்பி நட்டுட்டீங்களா? வரேன்க்கா, தோ வரேன்! ...கேட்டியா ஜாக்குலினக்கா? அவங்களுக்கு என் மேல துளி கோவம் இல்ல. அப்போ அன்னிக்கு நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்லன்னுதான...