பதினோராவது அடியில் நிற்கும் தண்ணீர்

– அந்தப் பூந்தொட்டியை ஏன் நகர்த்துறீங்க?

– மூடியைத் திறக்கணும்மா.

– என்ன மூடி?

– சாக்கடைக் குழாயோட சேம்பர் மூடி. தொட்டிக்கு அடியிலதான் இருக்கு.

– அது... அதைத் திறக்க வேண்டாம். பாத்ரூம் பக்கமா கம்பியை விட்டு அடைப்பை எடுத்தாப் போதும். வழக்கமா வர்ற பிளம்பர் அப்படித்தான் எடுப்பார்.

– வழக்கமா வர்றாரா? அப்படின்னா அடிக்கடி அடைக்குது.

– எப்பவாவது.

– மாசம் ஒரு தடவைன்னு கேள்விப்பட்டேன்.

– அவர்தானே சொன்னார்? அந்த மனுஷன் வாயில எதுவும் தங்காதே! ஆமா, அவர் ஏன் வரல? நான் போன் பண்ணினது அவருக்கு.

– முதுகுவலிம்மா. என்னைப் போகச் சொன்னார்.

– நேத்து கடைத்தெருவில சைக்கிள்ல பறந்துக்கிட்டிருந்தார்.

– அதனாலதான் வலி போல.

– ம்... பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. இது என்ன, பெட்டி மாதிரி?

– கேமரா. குழாய்க்குள்ள விட்டா உள்ள இருக்கறது இந்தத் திரையில தெரியும்.

– அடைப்பெடுக்க வந்தீங்களா, சினிமா எடுக்க வந்தீங்களா?

– ரெண்டே நிமிஷம். இங்க பாருங்கம்மா... இது வீட்டுச் சுவர்கிட்ட. தேங்கினது வடிஞ்சு காஞ்சு கிடக்கு, குழாய் நல்லா இருக்கு. அஞ்சு அடி... எட்டு... இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா பதினோரு அடியில... பாத்தீங்களா?

– ஒண்ணும் தெரியலயே. கலங்கலா இருக்கு.

– கேமரா தண்ணியில முங்கிடுச்சு. அங்க தண்ணி நிக்குது. பத்தடி தூரத்துக்கு நிக்குது... இப்ப மறுபடி மேல வந்துடுச்சு பாருங்க.

– அடைப்பு இருந்தா தண்ணி நிக்கத்தானே செய்யும்?

– அடைப்பு எடுத்தாலும் நிக்கும்மா. குழாய் நடுவுல தொய்ஞ்சு போயிருக்கு. வாட்டமா இறங்கிப் போக வேண்டியது, மூணு விரக்கடை பள்ளமாயிடுச்சு. தண்ணி மட்டும் மெல்ல ஏறிப் போயிடும். கூட வர்ற கசடு அங்கயே உக்காந்துக்கும். மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குள்ள திரும்பி வரும்.

– எனக்குத் தெரியும். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வேலை. வண்டியைத் திருப்பறேன்னு நம்ம வாசல்ல ஏத்தி ஏத்தியே...

– வண்டி ஏறினா குழாய் நசுங்கும், இல்ல உடையும். இது நசுங்கவும் இல்ல, உடையவும் இல்ல. அடியில பிடிப்பு இல்லாம தொங்குது.

– அப்ப மரம். அவங்க வீட்டு மர வேர்.

– வேர் இருந்தா ஜாயிண்டுல முடி மாதிரி எட்டிப் பாக்கும். சுத்தமா இருக்கே.

– அந்த வீட்டுக்காரர் மேல பழி விழவே கூடாதுன்னு வந்திருக்கீங்களா?

– இல்லம்மா... தோண்டணும்னு சொல்ல வந்தேன்.

– தோண்டறதா? எங்க?

– இங்க. பத்தடி. டைல்ஸ் பேத்து, மூணடி ஆழம்...

– மூச்! நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. வாடை போகணும், தரை காயணும். கம்பியை விடுங்க, எடுங்க, கிளம்புங்க.

– யார் வர்றாங்க?

– சொந்தக்காரங்க.

– சொந்தக்காரங்க வர்றதுக்கா சுவருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடிச்சீங்க? டைல்ஸ் கூட போன வாரம் போட்டது மாதிரி இருக்கு.

– என் வீடு, என் சுவர். உங்களுக்கு என்ன?... என்னங்க? ஒண்ணுமில்ல, பிளம்பர்தான்! எழுந்திருக்காதீங்க, நான் வரேன்!

– ஐயாவுக்கு உடம்புக்கு முடியலயா?

– அவரால படி ஏற முடியாது. ரூம் மாடியில. ஆறு மாசமா ஹால்லயே கட்டில்... இதையெல்லாம் ஏன் உங்ககிட்ட சொல்றேன்? இருங்க, குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்.

– தண்ணி வேண்டாம்மா.

– வேணும். நான் வர்ற வரைக்கும் எதிலயும் கை வைக்காதீங்க...

– இவ்வளவு நேரம் ஆச்சே, கிணறு வெட்டித் தண்ணி எடுத்தீங்களா?

– இந்தாங்க, பிடிங்க. உங்க ஆளுக்குப் போன் போட்டேன்.

– எதுக்கும்மா?

– அவர் முதுகு நல்லா இருக்கு. வாயும் நல்லா இருக்கு. இந்த வீட்டு வேலையை எனக்குக் கொடுன்னு நீங்கதான் ரெண்டு நாளா அவர் பின்னாடியே சுத்தினீங்களாம்.

– அது வந்து...

– சாக்கடை அடைப்பெடுக்கற வேலையை உலகத்துல யாராவது கெஞ்சி வாங்குவாங்களா?

– அம்மா, நான் சொல்றதை...

– இன்னும் முடிக்கல. மூடி மேல தொட்டியை வெச்சு, மண்ணைப் போட்டு, செடியையும் வெச்சது நான். வெளியாளுக்கு அது தெரியவே தெரியாது. நீங்க கேட்டைத் திறந்தீங்க, நேரா வந்தீங்க, தொட்டியைப் பிடிச்சீங்க.

– அனுபவம்மா.

– கேமரா எட்டடியில இருக்கும்போதே பதினோரு அடின்னீங்க. அதுவும் அனுபவமா? யார் உங்களை அனுப்பினது? புரோக்கரா? வீட்டை வேவு பாக்க வந்தீங்களா?

– புரோக்கரா? எதுக்கு புரோக்கர்?

– பேச்சை மாத்தாதீங்க. யார் நீங்க?

– ...இந்தக் குழாயைப் போட்டவன்.

– என்னது?

– வீடு கட்டும்போது போட்டது நான்தான். பன்னெண்டு வருஷம் ஆச்சு.

– நாங்க வாங்கினது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி...

– தெரியும். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கட்டினது. அப்பதான் நான் மேஸ்திரிகிட்ட இருந்து பிரிஞ்சு வந்தேன். தனியா எடுத்த முதல் வேலை இது.

– முதல் வேலையா? பாத்தாலே தெரியுது.

– பள்ளம் தோண்டியாச்சு. அடியில மணல் கொட்டி, இடிச்சுக் கெட்டியாக்கி, அது மேலதான் குழாயை உக்கார வைக்கணும். மணல் லாரி வரல. மேல பாத்தா வானம் கறுத்துக்கிட்டு நிக்குது. அங்கங்க செங்கல் துண்டை முட்டுக் கொடுத்து, நூல் கட்டி, வாட்டம் பாத்துப் போட்டுட்டேன். ரசமட்டத்துல கச்சிதமா இருந்தது. மணல் வந்ததும் இடையில நிரப்பிக்கலாம்னு...

– நிரப்பலயா?

– அன்னிக்கே மழை கொட்டிடுச்சு. மறுநாள் வந்து பாத்தா, வீட்டுக்காரர் ஆளை வெச்சுச் சேத்து மண்ணைத் தள்ளி மூடியிருந்தார். சேறு காயக் காய இறங்கும். செங்கல் இல்லாத இடத்துல குழாயும் கூடவே இறங்கும். எனக்குத் தெரியும்.

– தெரிஞ்சா திறக்கச் சொல்ல வேண்டியதுதானே?

– சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் என் தோளைத் தட்டி, ‘ஒரே நாள்ல முடிச்சுட்டியே, கெட்டிக்காரன்’னார். அதுக்கு மேல... வாய் வரல.

– அடப்பாவி மனுஷா! அஞ்சு வருஷமா நான் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டிருக்கேன். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகல!

– தப்புதான்மா. அதனாலதான் வந்தேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். பத்தடியும் தோண்டறேன். குழாயை வெட்டி எடுத்துட்டு, அடியில மணல் போட்டு இடிச்சு, புதுசு பதிச்சு, தண்ணி ஊத்தி ஓட்டம் பாத்துட்டுத்தான் மூடுவேன். மூணு நாள். இதே டைல்ஸ் போட்டுத் தரேன். யாருக்கும் தெரியாது.

– யாருக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்றீங்க?

– பொதுவா சொன்னேன்.

– பொதுவாவா? பன்னெண்டு வருஷம் வராத வருத்தம் இந்த வாரம் ஏன் வந்தது?

– நீங்க மட்டும்? ஒரு செடியை வெச்சு மூடியை மறைச்சிருக்கீங்களே, அது எந்தச் சொந்தக்காரங்களுக்காக?

– மெதுவா பேசுங்க, அவர் காதுல விழும். நான் இதை மறைக்கற விஷயமே அவருக்குத் தெரியாது... வீட்டை விக்கறோம். லிப்ட் இருக்கற ஒரு பிளாட் பாத்திருக்கேன். இது கைமாறினாத்தான் அது. அவர் மறுபடி ஜன்னல் வழியா தெருவைப் பாக்கணும், தனியா ஒரு ரூம்ல தூங்கணும். வேற ஆசை இல்ல எனக்கு.

– அதுக்காக வாங்கறவங்க தலையில கட்டறதா?

– எங்க தலையில கட்டினவர் சொல்லிட்டா கட்டினார்? அவங்க வேற வீடும் பாத்து வெச்சிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு முடிவு சொல்றாங்க. வாசலைப் பேத்துப் போட்டிருந்தா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. வித்து முடியட்டும், அப்புறம் வந்து தோண்டுங்க, மூணு நாள் இல்ல, முப்பது நாள்.

– அப்புறம் வந்தா... யார் போட்டதுன்னு கேப்பாங்களே.

– கேக்கட்டுமே? உங்களுக்கென்ன, முன்னப்பின்ன தெரியாதவங்கதானே?

– ...அவங்க ஒரு பிளம்பரைக் கூட்டிட்டு வந்து பாத்தா என்ன பண்ணுவீங்க?

– அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஏன்னா வீட்டை வாங்க வர்ற பொண்ணோட அப்பாவே இந்தத் தொழில்தானாம். நல்லவேளை, அவர் வரவே மாட்டேங்கறாராம்.

– வரமாட்டேங்கறாரா?

– மூணு தடவை கூப்பிட்டிருக்கா. முதல்ல வேலை, அப்புறம் ஜுரம், அப்புறம் போனையே எடுக்கலயாம். ‘எங்கப்பா குழாய் போட்டா ஆயுசுக்கும் அடைக்காது ஆன்ட்டி, அவர் ஒரு தடவை பாத்து சரின்னா எனக்கு நிம்மதி’ன்னா. போன வாரம் இந்தத் தொட்டிகிட்ட நின்னுதான் சொன்னா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

– அப்படியா சொன்னா?

– ஆமா. அந்த மனுஷனுக்கு என்ன கொழுப்பு பாருங்க. நான் மறைக்கறேன், தப்புதான், எனக்கு அவ யாரோ. பெத்த அப்பனுக்கு வந்து பாக்க என்ன கேடு? பொண்ணு வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டப் போறா.

– அவரைத் திட்டாதீங்கம்மா.

– ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?... என்ன பண்றீங்க? கடப்பாரையை ஏன் எடுக்கறீங்க? யோவ், டைல்ஸ்! நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வந்துடும்யா!

– வரட்டும்மா. பள்ளம் திறந்தேதான் இருக்கும். உங்க மேல ஒரு வார்த்தை வராம நான் பாத்துக்கறேன். ‘யாருப்பா இப்படிப் போட்டது’ன்னு என் பொண்ணு கேட்டா, நான்தான்னு நானே சொல்லிக்கறேன்.