ப்னார் மொழிக்கு யார் இருக்கிறார்கள்

காலையில் ஒரு துண்டு பாக்கை வாயில் அடக்காமல் என்னால் ஒரு வரி படிக்க முடியாது. என் விண்ணப்பம் பற்றி உங்கள் கலைக்களஞ்சியக் குழு அனுப்பிய கேள்விகளையும் அப்படித்தான் படித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சொல்கிறேன்.

ஜோவாய்ப் பக்கத்து மலைகளில் நாங்கள் பேசும் ப்னார் மொழிக்கு இணையக் கலைக்களஞ்சியம் கேட்டு முதலில் விண்ணப்பித்தவன் நான். எழுத ஆள் சேரவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். பிறகு ஜோவாய்ப் பள்ளி ஆசிரியை ரிமிகா கேட்டாள். அவளுக்கு ஆள் சேர்ந்தது. மீன் விற்கிறவள், டாக்ஸிக்காரர், பாதிரியார் என்று எல்லாரும் கைப்பேசியிலேயே எழுதி, அனுமதிக்கு முன் நீங்கள் எழுதிப் பார்க்கத் தரும் சோதனைத் தளத்தை நிரப்பினார்கள்.

ஊருக்குப் போனபோது அக்கா சொன்னாள்: "ஷில்லாங் காலேஜ்ல இத்தன வருஷமா பாடம் நடத்தி என்னத்தக் கிழிச்ச? அந்தப் பொண்ணு நம்ம சேத்துத் திருவிழாவப் பத்தி எழுதியிருக்கா. வாசிச்சுக் காட்டினாங்க, எனக்கு அழுகையே வந்திருச்சு."

நானும் வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில பொய்ப் பெயர்களில் கணக்குத் தொடங்கினேன். எங்கள் அண்டை மொழியான காஸியின் வாக்கியங்களை எடுத்து, அங்கங்கே சொற்களின் வாலைத் திருகி, ப்னார் என்று அவள் தளத்தில் ஏற்றினேன். பலவற்றுக்குப் பொருளே கிடையாது. மாதக்கணக்கில் செய்தேன். எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கில்லை. மொழி தெரிந்தவர் என்று நீங்கள் கருத்துக் கேட்டதும் என்னிடம்தான். 'பாதிப் பக்கங்கள் போலி. போலியை எழுதியது ஒரே கை' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவள் விண்ணப்பத்தை மறுத்தீர்கள், பக்கங்களை அழித்தீர்கள். அந்த வாரமே ரிமிகா மழையில் நனைந்தபடி என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் என்ற மரியாதையில் என்னை 'பாஹ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாஹ், அந்தக் கணக்கு எதுவும் எங்களுது இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன். மொதல்ல டீயக் குடி."

"ஊர்ல என்னை ஏமாத்துக்காரிங்கிறாங்க பாஹ். டாக்ஸிக்காரர் என்னைப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிறாரு."

"சனங்க அப்படித்தான். கொஞ்ச நாள்ல மறந்திருவாங்க."

டீயோடு அரிசி ஆப்பமும் வைத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை.

அவள் வேலையை விட்டுவிட்டுக் குவாஹாத்திக்குப் போய்விட்டாள். போன குளிர்காலத்தில் அங்கே பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கூட நின்ற அவள் மகள் ஏதோ இந்தியில் கேட்டாள். இவளும் இந்தியிலேயே பதில் சொன்னாள். நான் ப்னாரில் நலம் விசாரித்தேன். சௌக்கியம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்த நிமிடம் என் மனது லேசானது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் என் புதிய விண்ணப்பத்தில் நல்ல கட்டுரைகள் எல்லாம் அவளும் அவள் ஆட்களும் எழுதியவை. அழிவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். பெயரை மட்டும் மாற்றினேன். என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். விண்ணப்பத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். ப்னார் மொழிக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?