விளக்கு வைக்காத பொழுது

— நான் கேக்கறன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. போன ஞாயித்துக்கெழமை கண்ண எடுக்காமப் படம் முச்சூடும் பாத்தனுங்க. அதுல நீங்க எந்த எடத்துல வாரீங்க?

— நான் வரமாட்டேன் மச்சான். கேமரா பிடிக்கிறவன் எப்படிப் படத்துல வருவான்?

— அது எனக்குத் தெரியாதுங்களா. இருந்தாலும் ஒரு ஓரமா, டீக்கடையில உக்காந்திருக்கறாப்பல, மாட்டப் புடிச்சுட்டுப் போறாப்பல, ஒரு எடத்துலகூடக் காணோமே. நம்ம மருதாசல மாப்ள இந்தா வாராருன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்டச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுப்போச்சுங்க.

— அதுல தெரியறதெல்லாம் நான் பார்த்தது மச்சான். நானும் அதுக்குள்ள போயிட்டா அப்புறம் பாக்கறது யாரு?

— அட அப்பறமென்னங்க. அப்ப நடிச்ச பொம்பளைக்குக் குடுக்காம உங்களுக்கு டெல்லியில கூப்புட்டு மெடல் குடுக்கறாங்க. எங்க லாரித் தொழில்ல ஓட்டறவன் பேரு எவனுக்குந் தெரியாது. ஓனரு பேரத்தான் முன்னால கொட்டை எழுத்துல எழுதுவோம். உங்க தொழில்ல டிரைவரக் கூப்புட்டு மாலை போடறாங்க. நல்ல தொழிலுதானுங்க.

— ரயிலுக்கு நேரமாகலையா மச்சான்?

— சேலம் ஜங்ஷனுக்கு இங்கிருந்து எத்தன நேரமுங்க. காரு வாசல்லயே நிக்குது பாருங்க. போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கற எங்க ஓனருதுங்க அது. டெல்லிக்குப் போற மாப்ளைய லாரியிலயா ஏத்திட்டுப் போவே காளியண்ணான்னு அவரே சாவியத் தூக்கிக் குடுத்துட்டாரு. அம்மிணி, ஏ அம்மிணி. பெட்டி கட்டியாச்சா?

— இன்னும் இல்லீங்கண்ணா.

— இன்னும் இல்லியா? காத்தாலிருந்து உள்ள என்னதான் பண்ணிட்டிருந்தே?

— மாட்டுக் கட்டுத்தாரையக் கூட்டுனேன். எருமைக்குத் தண்ணி காட்டுனேன். சோறாக்குனேன். எப்பவும் பண்றதுதானுங்கண்ணா.

— எருமைய நான் பாத்துக்கறேன்னு சொன்னனில்ல. உங்கண்ணி சென்னியம்மா நாளைக்கே இங்க வந்துருவா. கூப்புட்டாக் கேக்கற தூரத்துல ஒரு ஊடு கெடையாது இந்தத் தோட்டத்துக்கு. பதினாலு வருசமா இங்க கெடந்தது போதாதா? இப்ப மாப்ள கோடம்பாக்கத்துல ஊடு பாத்துட்டாரு. டெல்லிக்கு உனக்குஞ் சேத்து டிக்கெட் எடுத்தாச்சு. நம்ம வம்சத்துல டெல்லியப் பாத்தவன் எவனும் இல்ல. நீ பாக்கப்போற.

— நீங்க போயி எளநி வெட்டிக் காருல வெய்யுங்கண்ணா. வழிக்கு ஆகும்.

— எத்தன வெட்ட?

— உங்க ரெண்டு பேருக்கும் வேணுங்கறது வெட்டுங்க.

— ரெண்டு பேருக்கா? என்ன பேச்சு இது. மாப்ள, இவ என்ன சொல்றான்னு நீங்களே கேளுங்க. நான் தென்னமரத்துக்கிட்ட இருக்கறனுங்க.

— வசந்தா, நீ வரலையா?

— வல்லீங்க.

— ஏன்?

— எருமை சினையா இருக்குதுங்க.

— அதுக்குத்தான் உன் அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரே.

— மொளகாச் செடிக்குத் தண்ணி உடோணுங்க.

— நான் உன்னைக் கேக்கறேன், நீ மொளகாயச் சொல்ற. இந்தா பாரு, அடுத்த வருசம் அடுத்த வருசம்னு நான் சொல்லிட்டே இருந்தேன். இல்லேங்கல. அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப உன்னை விட்டா ஆளில்ல. அம்மா போனப்பறம் நானே இன்னும் மூணு பேரோட ஒரு அறையில பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். இப்பத்தான் ஒரு வழி பிறந்திருக்கு. மாடி வீடு பாரு. நல்லாக் காத்து வரும். எதிர்வீட்டுல சாரதாமணின்னு ஒரு அம்மா, ஈரோட்டுப் பக்கம். உனக்குப் பேச்சுத்துணை ஆச்சு.

— நெம்ப சந்தோசமுங்க.

— சந்தோசப்படற குரலா இது?

— உங்களுக்குப் பிரைசு குடுத்ததுல எனக்குச் சந்தோசந்தானுங்க. பொய் சொல்லலீங்க. ரேடியோ சேதியில உங்க பேரச் சொன்னப்ப நான் இங்க ஒண்டியாத்தான் இருந்தேன். நாய்கிட்டச் சொன்னேன். அது வால ஆட்டுச்சு. பொறவு கெணத்து மேட்டுல ஏறி நின்னேன், ரோட்டுல ஆராச்சும் போனாக் கூப்புட்டுச் சொல்லலாம்னு. பொழுது உழுகற வரைக்கும் ஆரும் போவுல. மறுநா பால்காரரு வந்தப்பத்தானுங்க சொன்னேன்.

— எனக்குத் தந்தி கொடுத்திருக்கலாமே.

— எந்த விலாசத்துக்குங்க? மைசூருப் பக்கம்னீங்க. அப்பறம் திருவனந்தபுரம்னீங்க.

— ஆமா. அலைச்சல்தான். சரி, அதை விடு. படம் பார்த்தியே, அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லல. சூரமங்கலத்துல ரயில்வேக்காரங்க திரை கட்டிப் போட்டப்ப அண்ணன்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனார்? நான் வந்து இறங்கினதுல இருந்து அவர் அதையேதான் பேசறார். நீ வாயத் திறக்கல.

— அது கன்னடப் பாசைங்க. எனக்கு என்ன தெரியும்.

— பாசை கிடக்கட்டும். கண்ணுல பட்டதைச் சொல்லு. யார் யாரோ பத்திரிகையில எழுதிட்டாங்க. எனக்கு நீ சொல்லணும்.

— அண்ணா பக்கத்துல உக்காந்து கதை சொல்லிட்டே இருந்தாருங்க. அந்தப் பொம்பளையோட ஊட்டுக்காரன் பட்டாளத்துக்குப் போயிட்டான், காயிதம் வல்ல, அதான் இவ அழுகறான்னாரு. அவ எங்கீங்க அழுதா. ஒருக்காக்கூட அழுவுல.

— அழக்கூடாதுன்னு நான்தான் டைரக்டர்கிட்டச் சண்டை போட்டேன்.

— சோத்தப் போட்டு முன்னால வெச்சுக்கறா. அத உண்ணாம எந்திரிச்சுப் போயி, இன்னொரு தட்டக் கழுவித் தொடச்சுக் கவுத்து வெக்கறா. ஆரும் உண்ணாத தட்டு.

— அதைப் பார்த்தியா நீ? எழுதினவன் ஒருத்தன்கூட அதைக் கவனிக்கல, பாரு.

— பாக்காம என்னுங்க. தெனோம் நான் பண்றதுதானுங்களே. உங்க தட்டு தூசி புடிக்கக்கூடாதுன்னு தெனோம் ஒருக்காக் கழுவி வெப்பேன். இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. கிறுக்கச்சின்னு சொல்லிருவாங்க.

— நீ சொல்லல. நான் இங்க இருந்தப்பவும், நான் சாப்பிடாத வேளையில பழக்கத்துல அந்தத் தட்டைக் கழுவிக் கவுத்தியே, அதைப் பார்த்தேன்.

— அந்த நடிக்கற பொம்பள ஆருங்க?

— பெங்களூர்ல நாடகத்துல நடிக்கிறவ.

— தட்ட அப்படித் தொடச்சுக் கவுத்தோணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?

— அவளுக்கு முதல்ல கை வரல. பாத்திரம் கழுவற மாதிரியே கழுவினா. அப்படி இல்ல, முந்தானையில ஓரத்தைத் துடைக்கணும், மெதுவா வைக்கணும், யாரோ தூங்கறாப்பல சத்தம் வராம வைக்கணும்னு சொன்னேன்.

— ஆரு இப்படிப் பண்ணுவாங்கன்னு அவ கேட்டிருப்பாளே.

— கேட்டா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தின்னு சொன்னேன்.

— ஒருத்தி.

— அப்புறம் எப்படிச் சொல்றது வசந்தா, அத்தனை பேருக்கு மத்தியில.

— சரீங்க. இதெல்லாம் நீங்க பாத்தது போன வருசம் பங்குனியில வந்தீங்களே, அப்பத்தானுங்களே?

— ஆமா.

— அந்த மாசந்தானுங்க. கண்ணாலமான நாள்ல இருந்து நீங்க ஒரு மாசம் முச்சூடும் ஊட்டுல இருந்தது அப்ப மட்டுந்தான். வந்தா மூணா நாளு பொட்டியத் தூக்கற மனுசன், சமையக்கட்டுப் படியில உக்காந்துட்டு என்னையவே பாத்துட்டிருந்தீங்க. அரிசி களைஞ்சா பாக்கறீங்க. அடுப்பு ஊதுனா பாக்கறீங்க. எனக்கு வெக்கமாப் போச்சுங்க. முப்பத்தஞ்சு வயசுல இது என்ன கூத்துன்னு எனக்கு நானே சிரிச்சுக்குவேன்.

— உன்னைத்தானே பார்த்தேன்.

— மேல ஏறி ஓட்டப் பிரிச்சுக் கண்ணாடி ஓடு ஒண்ணு போட்டீங்க. பொகையில உன்ற கண்ணு போயிரும், வெளிச்சம் வரட்டும்னீங்க. சந்தையில பெரியநாயகியக் கண்டாலுஞ் சரி, ராமாயியக் கண்டாலுஞ் சரி, எங்க ஊட்டுக்காரரு எனக்கோசரம் ஓட்டுக்குக் கண்ணாடி போட்டாருன்னு நான் சொல்லாத நாளில்ல. தெரையில பாத்தா அதே கண்ணாடி, அடுப்புக்கு மேல, அதே எடத்துல. பொகைக்குள்ள வெளிச்சம் எறங்குது. சனம் கைதட்டறாங்க. பக்கத்துல அண்ணாவும் கைதட்டறாரு.

— உனக்காகவும்தான் போட்டேன். பொய்யில்ல. பாரு, அந்தப் படத்துல நாங்க ஒரு லைட்கூட வைக்கல. கூரையில, ஜன்னல்ல வர்ற வெளிச்சம்தான். அது எப்படி வரும், எப்ப மங்கும்னு எங்கேயாவது இருந்து பழகணும். வேற யார் வீட்டுல போய் உக்காருவேன்?

— கையில ஒரு டப்பி வெச்சிருந்தீங்களே, வெள்ளக் குமிழு வெச்சது.

— வெளிச்சத்தை அளக்கற மீட்டர் அது.

— என்ற கன்னத்துக்கிட்டக் கொண்டாந்து கொண்டாந்து புடிப்பீங்க. அது என்ன ஏதுன்னு நான் கேக்கவே இல்லீங்க. மூஞ்சிக்கிட்ட உங்க கை வருதேன்னு இருந்துட்டேன்.

— வசந்தா...

— பொழுதுழுந்து வெளக்கு வெக்க எந்திரிச்சா, சித்தெ இரு, இப்ப வெக்காதேம்பீங்க. அந்நேரத்துக்கு வெளக்கு வெக்காட்டி மூதேவி வந்து உக்காந்துக்குவான்னு சொல்லி வளத்திருக்கறாங்க என்னைய. வெள்ளிக்கெழமைகூட வெக்காம இருந்தனுங்க, நீங்க சொன்னீங்கன்னு. ரெண்டு பேரும் பேசாம இருட்டுக்குள்ள உக்காந்திருப்போம். கண்ணாலமான புதுசுல இருந்தாப்பல இருந்துது எனக்கு.

— எனக்கும் அப்படித்தான் இருந்தது.

— அந்தப் பொம்பளையும் வெளக்கு வெக்காம உக்காந்திருக்கறா. அவளுக்குப் பக்கத்துல ஆரும் இல்லீங்க.

— அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் விருதே. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாப் போய், கடைசியில அவ கண்ணு மட்டும் தெரியும். இந்தியாவுல இதுவரைக்கும் இப்படி யாரும் எடுத்ததில்லைன்னு சொன்னாங்க. நான் எடுத்தது உன்னை. மேடையில நான் ஏறறப்ப கீழ நீ உக்காந்திருக்கணும். அந்த மெடலை உன் கழுத்துல போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.

— அம்மிணி, எளநி மூணு வெட்டி வெச்சிருக்கறேன். வழியில ரயில்வே கேட்டப் போட்டுட்டான்னா அப்பறம் லோடு ஏத்துன வண்டியாட்டம் நிக்கோணும். மிச்சத்த ரயில்ல பேசிக்கலாம் வாங்க.

— சித்தெ இருங்கண்ணா. இந்தா முடிஞ்சுதுங்க.

— உன்னைக் கேக்காம எடுத்துட்டேன்னு கோவமா?

— எடுத்ததுக்கு என்னுங்க. நெம்ப நல்லா இருக்குது. சாமி சத்தியமா நல்லா இருக்குதுங்க. நான் எப்படி இருக்கறேன்னு நானே அன்னைக்குத்தான் பாத்தேன்.

— அப்ப ஏன் வரமாட்டேங்கற? இந்தப் படத்தைப் பாக்கறதுக்கு முன்னால கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?

— நடந்தே வந்திருப்பனுங்க.

— அப்ப அதுல அப்படி என்னத்தைப் பார்த்துட்ட? வாயத் திறந்து சொல்லு.

— அத்தையுஞ் செத்த பொறவு இந்தத் தோட்டத்துல நான் எப்படி இருந்தேன்னு நெனைக்கறீங்க? மழை பேஞ்சா ஓட்டுல சத்தம். இல்லீனா அதுவும் இல்ல. ஒரு சில நாளு என்ற குரலு எனக்கே மறந்துபோயிருமுங்க. அப்ப மனசுக்கு ஒண்ணு சொல்லிக்குவேன். அவரு ஆம்பள, ஊரூராத் திரியறவரு, இங்க ஒருத்தி எப்படி இருக்கறான்னு அவருக்கு எங்க தெரியப்போவுது. தெரிஞ்சா உடுவாரா, அடுத்த பஸ்ஸுக்கே வந்து நின்னுருவாருன்னு. அதச் சொல்லிக்கிட்டுத்தான் கண்ண மூடுவேன்.

— அதான் இப்ப வந்திருக்கேனே.

— அங்க தெரையில பாத்தா, உங்களுக்கு ஒண்ணு பாக்கியில்லாமத் தெரிஞ்சிருக்குதுங்க. எனக்கே தெரியாததெல்லாம் தெரிஞ்சிருக்குது. ஒரு மாசம் உக்காந்து பாத்திருக்கறீங்க. பாத்துட்டு எந்திரிச்சுப் போயி, இன்னொருத்திய வெச்சு அத எடுத்திருக்கறீங்க.

— வந்துரு புள்ள. இனி உன்னைய ஒண்டியா உடமாட்டேன். இத்தன வருசம் எனக்கோசரம் காத்துக்கெடந்தவ, இன்னைக்கு நானே வந்து வாசல்ல நிக்கறப்ப வல்லீங்கறியே.

— நான் காத்துக்கெடந்தது, ஒண்ணுந் தெரியாத ஒரு மனுசனுக்கோசரமுங்க. அவரு இனி எங்க வரப்போறாரு.