இறக்கைக்கடியில் சந்தனம்

பழைய விமானம் வாங்குவதும் பழைய ஓட்டோ வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான், சேர். விற்பவனின் முகத்தைப் பார்க்காமல், குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். மேலே புதுப் பெயின்ட் அடித்து எதையும் மறைக்கலாம். அடியில் யாரும் ஒழுங்காகப் பூசுவதில்லை.

சதீசனுக்கு அதெல்லாம் தெரியாது. அவன் என் மனைவி தனுஷியாவின் அண்ணன். கனடாவில் விமானம் ஓட்டப் படித்துவிட்டு வந்தவன். பாசிக்குடாக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் ஊர் வாவியை மேலேயிருந்து காட்டலாம் என்று ஒரு யோசனை. கொழும்புப் பக்கத்தில் நாலு சீட் விமானம் ஒன்று விலைக்கு நின்றது. என்னைவிட வயதில் மூத்தது. நான் சார்ஜாவில் விமான இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியவன். அதனால் என்னையும் கூட்டிப் போனான்.

"மச்சான், நீங்க சரியெண்டாத்தான் வாங்குவன். முதல் தரம் பறக்கக்குள்ள முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்றான்.

மல்லாந்து கிடந்து ஆணி ஆணியாகப் பார்த்தேன். நல்ல சாமான். சரி என்றேன். விற்றவர் என்னை யாரென்று கேட்டார்.

"தங்கச்சிட மாப்பிள்ளை. நான் கட்டிக் குடுத்த வீட்டில இருக்கார். கழுவித் துடைக்க உதவுவார்" என்று சதீசன் சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சொல்லிக்காட்டுகிற விதம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு அவனைக் கண்ணில் காட்டக் கூடாது. உண்மையில் அதற்கு முன்னும் அப்படித்தான்.

விற்றவரே விமானத்தை எங்கள் ஊர் ஓடுதளத்துக்கு ஓட்டிவந்து தந்துவிட்டுப் போனார். வாகனம் வாங்கினால் பூசை செய்யாமல் நாங்கள் ஓட்டுவதில்லை. விமானத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. ஐயரை விமானத்தடிக்குக் கூட்டிவந்தோம். சதீசன் சுற்றிவந்து எல்லாவற்றையும் பரிசோதித்து முடித்தான். அதற்குப் பிறகுதான் பூசை. சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம்.

"பொட்டு எங்கெங்க வைக்கிற தம்பி?" என்று ஐயர் என்னைக் கேட்டார். காருக்கு வைத்துப் பழகிய மனிதர். நான் காட்டினேன். மூக்கில் ஒன்று, கதவில் ஒன்று, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொன்று. "இறக்கைக்கடியில மட்டும் கொஞ்சம் தடிப்பா வைங்க ஐயா."

எரிபொருள் இறக்கைக்குள்தான் இருக்கிறது. அது குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கு அடியில் சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால், கொஞ்சத் தூரம் போனதும் இயந்திரம் நின்றுவிடும்.

ஐயர் கையால் வைத்த பொட்டை எங்கள் ஆட்கள் துடைக்கமாட்டார்கள். சதீசனும் அதைப் பார்த்தான். பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினான்.

முன் சீட்டில் தங்கச்சியை இருத்தினான். "மச்சான், நீங்க கீழ நிண்டு படம் எடுங்க" என்றான். அந்த முன் சீட்டு எனக்குச் சொன்ன இடம். தனுஷியாவில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நல்ல பெண். எனக்கென்று ஒரு இடம் தந்திருந்தால் அந்தச் சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

சந்தனத்தில் எப்படிப் பசை வந்தது என்று கேட்கிறீர்கள். வெறும் சந்தனம் காற்றுக்கு உதிர்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் சேர். முதல் நாளே குழைத்து வைத்துவிட்டேன்.

வாவிக்கு மேலே போகும்போது சத்தம் நின்றது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் இரண்டு பேரின் உடலையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அழுதேன், அதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

விமானக் கதவைச் சாத்தியவனும் நான்தான். சாத்தப் போகும்போது தனுஷியா கையை நீட்டினாள். "இஞ்ச பாருங்க, பின்னால ரெண்டு சீட்டும் சும்மாதானே கிடக்கு. நீங்களும் வாங்களன்" என்றாள்.

எப்படி ஏறுவது, சேர்? எனக்குச் சொல்லியிருந்தது முன் சீட்டு.